ஏழுமலைக்கு மூணு சாட்சி

வக்கீல் பரசுராமன் வீட்டுக் கூடத்தில் அன்று மூன்று பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் வக்கீல், எதிரே சோபாவில் மாமியார் ஜோதியம்மாள், ஜன்னலோரம் ஸ்டூலில் மச்சினன் மணி. இன்னொரு மச்சினன் ஏழுமலை வேலூர் ஜெயிலில் உட்கார்ந்திருந்தான். கீழ்பென்னாத்தூரில் பக்கத்து நிலத்துக்காரரை வெட்டிக் கொன்றதாக அவன்மேல் வழக்கு.

வாடகை வழக்குகளையே வாய்தா வாங்கி ஓட்டுகிற பரசுராமனுக்கு இது முதல் கொலை வழக்கு. வீட்டிலேயே வக்கீல் இருக்கும்போது வெளியாள் எதுக்கு என்று குடும்பம் முடிவு கட்டியிருந்தது.

"கொலை நடந்த அன்னிக்கு சாயங்காலம் அவன் எங்க இருந்தான்னு போலீஸ்ல சொன்னீங்க?"

"என்கூட கிரிவலம் வந்தான்னு சொன்னேன் மாமா," என்றான் மணி.

"வீட்டுல என் எதிர்ல சாப்டுக்கினு இருந்தான்னு நான் சொன்னேன்," என்றார் மாமியார்.

"பிரமாதம். அண்ணாமலையாரே ஒரு இடத்துலதான் இருக்காரு. உங்க புள்ள ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருந்திருக்கான். ஜட்ஜ் எழுந்து கும்பிடுவாரு."

"மூணு இடம் மாப்பிள்ள," என்றார் ஜோதியம்மாள் நிதானமாக. "உங்க வீட்டுல உங்ககூட கேரம் ஆடினான்னு இன்ஸ்பெக்டருக்கு மொதல்ல போன் போட்டது நீங்கதான். அதையும் எழுதிக்கினாராம்."

சாட்சியாகிவிட்டவர் அதே வழக்கில் வாதாட முடியாது என்ற சட்டம் வக்கீலுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"சரி, நெஜமா எங்க இருந்தான்னு அவனை யாராவது கேட்டீங்களா?"

மணி அம்மாவைப் பார்த்தான். அம்மா மாப்பிள்ளையைப் பார்த்தார்.

பரசுராமன் வேலூரில் இருக்கும் பெரிய கிரிமினல் வக்கீலுக்குக் கடிதம் எழுதினார். "பையனைத் தாங்கள்தான் காப்பாற்ற வேண்டும். நடந்ததை அவனிடமே கேளுங்கள். தயவுசெய்து எங்கள் குடும்பத்தில் யாரையும் கேட்காதீர்கள், என்னையும் சேர்த்து."

உறையை ஒட்டி, ரிஜிஸ்டர் தபாலில் சேர்க்கச் சொல்லி மணியிடம் கொடுத்தனுப்பினார்.