தும்முகிற பேயின் படம்

தேவாலயத்தின் கீழ்த்தளக் கதவில் நானே எழுதி ஒட்டியிருந்தேன்: ‘இங்கே யாரையும் பயமுறுத்தக் கூடாது. முகமூடி வேண்டாம்.’ அதன் அடியில் யாரோ பென்சிலால் பல்லிளிக்கும் பூசணிக்காய் ஒன்றை வரைந்திருந்தார்கள். என் தம்பி ரஸ்ஸலின் கைவேலைதான். அதற்கு மேல் அவனுக்கு எண்ணம் எதுவும் இருக்காது என்று நம்பி, சைடர் என்கிற ஆப்பிள் சாற்றைச் சூடாக்கப் போனேன்.

அக்டோபர் பிறந்தால், மாதக் கடைசியில் வரும் ஹாலோவீன் என்கிற பேய்த் திருநாளுக்காக, எங்கள் விஸ்கான்சின் ஊரில் பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடும். அலற வைப்பதும் அலறுவதும் எல்லாருக்கும் விளையாட்டு. அந்த விளையாட்டு பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். வெளியே சொன்னால் கேலி செய்வார்கள் என்று வாய் திறக்கமாட்டார்கள். அவர்களுக்காகத்தான் ஒவ்வொரு ஹாலோவீனுக்கும் ஒரு சாதுவான படம் போடுகிறேன். சூனியக்காரி சூப்பைத் தீய்த்துவிடுவாள், அந்த மாதிரிப் படங்கள். பாஸ்டர் லிண்டே முதல் வரிசையில் உட்கார்ந்து பாப்கார்ன் தின்பார்.

இந்த வருடம் என் தங்கை நடீனுக்குப் பிடித்த படத்தை எடுத்து வைத்திருந்தேன். பழைய கறுப்பு வெள்ளைப் படம். ஒரு பேய் யாரையாவது பயமுறுத்தப் போகும்போதெல்லாம் தும்மிவிடும். சிறு வயதில் அந்தத் தும்மலுக்கு நடீன் தரையில் புரண்டு சிரிப்பாள்.

நடீன் பெட்ரோல் பங்க்கில் கல்லாவில் நிற்பவள். போன குளிர்காலத்தில் ஒரு மாலை, ரப்பர் முகமூடி போட்ட ஒருவன் கத்தியோடு உள்ளே வந்தான். பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான், ஆள் அகப்படவில்லை. அன்றிலிருந்து இருட்டினால் அவள் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. உள்ளே ஆள் இருப்பது தெரியக்கூடாதென்று வாசல் விளக்கைக்கூடப் போடுவதில்லை. பங்க்கில் பகல் வேலை கொடுத்துப் பார்த்தார்கள். இனி மாலை வேலைதான் இருக்கிறது, திங்கட்கிழமை வருகிறாயா இல்லையா என்று கேட்டிருந்தார்கள்.

“படம் முடியிற வரைக்கும் அங்க உட்கார்ந்துட்டேன்னா திங்கட்கிழமை போயிடுவேன் லோயிஸ்,” என்றாள் என்னிடம். “முடியலன்னா வேலைய விட்டுடறேன். வேற வழியில்ல.”

வந்தாள். கதவுப் பக்கத்து நாற்காலியில், கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள். முதல் தும்மலுக்கு இலேசாகச் சிரித்தாள். இரண்டாவதற்குக் கோட்டைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்து, சைடர் கரண்டியோடு நின்ற இடத்திலேயே நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து, சமையலறையிலிருந்து தட்டுகளை நீட்டும் சன்னல் படாரென்று திறந்தது. ரப்பர் முகமூடி ஒன்று இடுப்பு வரை வெளியே பாய்ந்து கத்தியது.

நடீன் கத்தவில்லை. நாற்காலியோடு பின்னால் விழுந்து, எழுந்து, கோட்டை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். அவளுடைய கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அதற்குள் பாதிப் பேர் சிரித்துவிட்டார்கள். முகமூடியைக் கழற்றின ரஸ்ஸலும் சிரித்துக்கொண்டேதான் இருந்தான்.

“எங்க போறா அவ?” என்றான்.

“உனக்கு அறிவு இருக்கா?” என்றேன். “கதவுல என்ன எழுதியிருக்கேன்?”

“சும்மா விளையாட்டுக்கு, லோயிஸ். சின்ன வயசுலேர்ந்து நான் பண்றதுதானே.”

“சிரிச்சவங்க எல்லாரும் கேளுங்க,” என்று நான் திரும்பினேன். “ஒருத்தி பத்து மாசம் கழிச்சு இருட்டுல வெளிய வந்தா. அவளத் திருப்பி உள்ள தள்ளிட்டு சிரிக்கிறீங்க. சைடர் குடிக்க மட்டும் கூச்சப்படாதீங்க.”

பாஸ்டர் என் பக்கத்தில் வந்தார். “மன்னிக்கிறதுக்கும் நேரம் வரும் லோயிஸ்,” என்றார் மெல்ல.

“வரட்டும் பாஸ்டர். இப்ப வரல. நம்ம ஆண்டவர் கோயில்ல காசு மாத்துற வியாபாரிங்க மேசையக் கவிழ்த்தாரே, கவிழ்த்த கையோடயா மன்னிச்சாரு?”

அவர் குனிந்து நடீனின் கோட்டை எடுத்துத் தூசி தட்டி என்னிடம் கொடுத்தார்.

மறுநாள் காலை ரஸ்ஸல் வீட்டுக்குப் போனேன். கார் கொட்டகையில் உட்கார்ந்திருந்தான். முகமூடி குப்பைத் தொட்டியில் கிடந்தது.

“போனை எடுக்க மாட்டேங்கிறா,” என்றான்.

“எதுக்கு எடுக்கணும்?”

“கேளு. எல்லாரும் அவகிட்ட ஆஸ்பத்திரில பேசுற மாதிரி மெதுவாவே பேசுறீங்க. நானாவது பழையபடி இருந்தா அவளும் பழையபடி ஆயிடுவான்னு நினைச்சேன்.”

பொய் சொல்லுகிற முகம் இல்லை அது. அன்பாகத்தான் செய்திருக்கிறான். அதைக் கேட்டதும் என் கோபம் இன்னும் கூடியது. கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

“உன் ஆசைக்கு அவ ஆகணுமா?” என்றேன். “அவளுக்கு எது ஆகாதுன்னு ஒரு வார்த்தை கேட்டியா? அவளுக்குப் பயமுறுத்துறது பிடிக்கலடா. திடீர்னு எதுவும் வந்தா ஆகல. என்ன வரப்போகுதுன்னு முன்னாடியே தெரியணும். அவ்வளவுதான் அவ கேக்குறது. அதைக்கூடக் கொடுக்க முடியலன்னா நீ என்ன தம்பி?”

அவன் தலை குனிந்தபடி இருந்தான். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோட்டையும் படத்தையும் எடுத்துக்கொண்டு நடீன் வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் வரை இருந்தேன். வேலையை விட்டுவிடுவதாகவே சொன்னாள். படத்தைப் போடவும் சம்மதிக்கவில்லை. இருட்டத் தொடங்கியபோது வெளியே ஒரு வண்டி நின்றது. நடீன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நடீன், நான் ரஸ்ஸல்,” என்று தெருவிலிருந்து குரல் வந்தது. “வண்டியிலேர்ந்து இறங்குறேன். கதவச் சாத்துவேன், சத்தம் வரும்.”

கதவு சாத்துகிற சத்தம் வந்தது.

“இப்ப நடந்து வர்றேன். கையில டோனட் பொட்டலம் இருக்கு, வேற ஒண்ணும் இல்ல. இப்ப முதல் படி. அது கிறீச்சுங்கும்.”

படி கிறீச்சிட்டது.

“போடா அந்தப் பக்கம்,” என்று நடீன் உள்ளிருந்து கத்தினாள்.

“சரி. இப்ப திரும்புறேன். மறுபடி அதே படி கிறீச்சுங்கும்.”

நடீன் எழுந்தாள். பத்து மாதமாகத் தொடாத விசையைத் தட்டி வாசல் விளக்கைப் போட்டாள். கதவை அகலத் திறந்து, இருட்டைப் பார்த்து நின்றுகொண்டு, தம்பியைப் பிடிபிடியென்று பிடித்தாள். கத்தியோடு வந்தவனின் முகமூடி எப்படி இருந்தது, அந்த ரப்பர் எப்படி நாறியது, அதற்குப் பிறகு எத்தனை முறை வாந்தி எடுத்தாள், எல்லாவற்றையும் சொன்னாள். அதுவரை எங்களில் யாரிடமும் சொல்லாதவை. எங்களையும் எதிர்வீட்டு எலும்புக்கூட்டையும் தவிரக் கேட்க வேறு யாரும் இல்லை. ரஸ்ஸல் டோனட் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதான்.

“உள்ள வா,” என்றாள் கடைசியில். “உன்ன மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. டோனட் ஆறிடும்.”

படத்தைப் போட்டோம். எல்லா விளக்குகளும் எரிந்தன. ரஸ்ஸல் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் வருவதற்கு முன்பே சொல்லிக்கொண்டு வந்தான். “இப்ப அலமாரி திறக்கும். பூனை ஒண்ணு குதிக்கும். கறுப்புப் பூனை, கெட்டது இல்ல. இப்ப கிழவி திரும்புவா. பின்னால பேய். கவலைப்படாதே, தும்மிடும்.”

பேய் தும்மியது. அந்தத் தும்மல் வருமென்று தெரிந்திருந்தும் நடீன் சிரித்தாள். படம் முடியும் வரை உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை மாலை பங்க்குக்கு எதிரே காரில் நான் காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கல்லாவில் நடீன் நின்றாள். ரஸ்ஸலின் வண்டி வந்தது. அவன் இறங்கவில்லை. போனை எடுத்தான். உள்ளே நடீனும் எடுத்தாள். அவன் பேசியது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் கதவுக்கு மேலே ஒரு மணி தொங்குகிறது என்பதும், திறந்தால் அது அடிக்கும் என்பதும் ஊருக்கே தெரியும்; அதைத்தான் முன்கூட்டிச் சொல்லியிருப்பான்.

அவள் போனில் சொன்னதை மட்டும் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். “தெரியும்டா. வாய மூடிட்டு வந்து காபி எடுத்துக்கோ.”

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் அவன் கதவைத் திறந்தபோது எவ்வளவு மெதுவாகத் திறந்தான் என்பதைப் பார்த்தேன்.