சகலைக்காகத் தேய்ந்த விரல்கள்

என் சகலை வாஷிங் மெஷின் மெக்கானிக். அவன் கை பட்டால் செத்த மெஷினும் எழுந்து நின்று கும்பிடு போடும் என்பது என் மனைவியின் கட்சி. ரிட்டயராகி வீட்டில் குந்தியிருக்கும் என் காதில் இதை நாளைக்கு எழுநூறு தடவை ஓதுவாள்.

அவன் ஒரு வெப்சைட் ஆரம்பித்தான். மெஷின் ஏன் ஆடுகிறது, தண்ணீர் ஏன் வடியவில்லை என்று எழுதினான். ஜனம் மொய்த்தது. ஒரு கம்பெனி அதில் விளம்பரம் ஓட்டியது. வருகிறவர்கள் விளம்பரத்தைத் தொடத் தொட அவனுக்குக் காசு. கடையைக் காலி செய்துவிட்டு இதிலேயே முழுசாக இறங்க நினைத்தவன், கம்பெனியின் விதிமுறைகளை என்னிடம் தூக்கிவந்தான்.

"அண்ணே, முப்பத்தாறு வருஷம் இன்சூரன்ஸ்ல பொடி எழுத்து படிச்ச ஆளு நீங்க. வில்லங்கம் ஏதாவது இருக்கான்னு பாருங்க. நீங்க சரின்னா நாளைக்கே கடைச் சாவியைக் குடுத்துடுவேன்."

இருந்தது. எறும்புக்கே கண்ணாடி தேவைப்படும் எழுத்தில் ஒரே வரி: உரிமையாளரோ உறவினரோ விளம்பரத்தைத் தொட்டு வருமானம் கூட்டினால் கணக்கு மூடப்படும், சேர்ந்த பணமும் போகும். இப்படி ஒற்றை வரியை வைத்து எத்தனை விதவைகளை வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறேன்! எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"பத்தரை மாத்துத் தங்கம். சாவியைக் குடு."

கொடுத்துவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் குடும்பமே கூடியிருந்தது. நான் தொண்டையைச் செருமினேன்.

"நம்ம வீட்டுப் பிள்ளை முன்னுக்கு வர்றான். ஆளுக்குத் தினம் அம்பது தடவை அந்த விளம்பரத்தைத் தொட்டா விரல் தேஞ்சா போயிடும்?"

மச்சினி கண் கலங்கிவிட்டாள். "அத்தான், உங்களைப் போய் இத்தனை நாள் தப்பா நெனச்சிட்டேனே!"

மாமியார் போனை மூக்கில் இடித்துக்கொண்டார். "செருப்புப் படம் போட்டிருக்கே மாப்ள, அதுவா?"

"அதேதான் அத்தை. நல்லா அமுக்குங்க."

சகலை மட்டும் தலையைச் சொறிந்தான். "இதெல்லாம் செய்யலாமாண்ணே?"

"படிச்சது நீயா நானா?"

பதினேழு பேர். மாமியார் மட்டும் ஒரே நாளில் நாலாயிரம் செருப்பு அமுக்கியிருப்பார். ஒன்பதாம் நாள் கம்பெனி கணக்கை மூடியது.

பிழிந்து உதறாமல் போட்ட துணி மாதிரி வந்து நின்றான் சகலை. கடைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. முறையிட ஒரே ஒரு வாய்ப்புதான்.

"உங்களை விட்டா யாருண்ணே எழுதுவா?"

எழுதினேன். என் வாழ்நாளிலேயே அழகான கடிதம். பதினேழு பேரும் பாசத்தால்தான் தொட்டார்கள் என்று உருகி, யார் என்ன உறவு, யார் எத்தனை தடவை என்று கட்டம் போட்டு இணைத்தேன்.

"இதைப் போய் நாமளே சொல்லணுமாண்ணே?"

"உண்மைக்கு ஒரு மதிப்பு இருக்குல்லடா."

மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது. நிரந்தரமாக மூடியாயிற்று, இனி எழுதவும் வேண்டாம்.

சகலை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். "நீங்களும் எனக்காக எவ்வளவோ பண்ணிட்டீங்கண்ணே."

இப்போது ஏதோ சர்வீஸ் சென்டரில் அடுத்தவனுக்குக் கீழே வேலை கேட்டிருக்கிறானாம். அவன் குணத்தைப் பற்றிப் பெரிய மனுஷர் ஒருவரின் கடிதம் வேண்டுமாம். ஹாலில் காத்திருக்கிறான். நல்ல பேனாவாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.