எதிர்வீட்டுத் திராட்சைக்கொடி

ஹால்சி தெருவின் நடுவே போகும் மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் அலமார் நகரம், அந்தப் பக்கம் டூரன்ட். மலை ஒன்று, காற்று ஒன்று. காட்டுத்தீ விதிதான் வேறு. அலமாரில் வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தடிக்குள் செடியே ஆகாது, சரளைக்கல் கொட்டியாக வேண்டும். டூரன்டில் பச்சையாக வைத்திருந்தால் போதும்.

அலமார்க்காரி மார்லினுக்கு ஜன்னலடி ரோஸ்மேரி வேலி போகப்போகிறது என்று ஆற்றாமை. எதிரே டூரன்ட் பக்கத்தில் எர்னி பகலியன் வீடு. அவருடைய சமையலறைச் சுவர் முழுக்கத் திராட்சைக்கொடி. காலமான மனைவி ஆர்ப்பி வைத்தது. அதன் இலையில்தான் அவர் இன்னும் அரிசி வைத்துச் சுருட்டிச் சமைக்கிறார்.

"கவுன்சில்ல இன்னிக்கு நான் பேசப்போறேன் எர்னி. கூட வாயேன்."

"எங்க ஊரு சட்டம் எவ்வளவு நல்லதுன்னு சொல்லப்போறியா? வராம இருப்பேனா!"

இஸ்திரி போட்ட சட்டையோடு அலமார் கவுன்சில் கூட்டத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

மார்லின் திரையில் அவர் வீட்டுப் படத்தைப் போட்டாள். "இதப் பாருங்க. கொடி கூரையத் தொடுது. தெருவத் தாண்டினா இது சரி. என் வேலி இடுப்பளவுகூட இல்ல, அது தப்பா?"

எர்னி பலமாகக் கைதட்டினார்.

தீயணைப்பு அதிகாரி எழுந்தார். "ரொம்ப நன்றி மேடம். ரெண்டு ஊருக்கும் எங்க வண்டிதான் வரும். அந்தக் கொடியில பொறி விழுந்தா உங்க வீடும் தப்பாது. இந்தப் படத்த டூரன்ட் கவுன்சில்லயும் காட்டணும், தர்றீங்களா?"

கைதட்டல் பாதியில் நின்றது. மார்லின் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லார் முன்னாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, சரியென்று தலையாட்டினாள்.

வசந்தம் முடிவதற்குள் டூரன்டும் அதே ஐந்தடி விதியைக் கொண்டுவந்தது. மார்லின் தன் வேலியை முன்பே எடுத்துவிட்டிருந்தாள். அதற்காக அவள் அழவில்லை.

செடிகளை எடுக்கக் கொடுத்த கெடு முடியும் வாரம் எர்னி அவள் கதவைத் தட்டினார். கையில் நீளக் கத்தரி.

"எர்னி, நான் உன்ன நெனச்சு அப்படிச் சொல்லல. என் வேலிக்காகத்தான்..."

"தெரியும். நீ என் கொடியப் புகழ்றேன்னு நெனச்சுத்தானே நானும் கை தட்டினேன். வா, நீயே வெட்டிடு. எனக்குக் கை வரல."

மார்லின் கத்தரியை வாங்கிக்கொண்டாள். மறுக்க என்ன உரிமை இருக்கிறது? தெருவைக் கடந்து போனாள். முதல் தண்டை வெட்டியதும் வெட்டுவாயிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக அவள் செருப்பில் விழுந்தது. உள்ளே எர்னி வானொலியைச் சத்தமாக வைத்தார். சற்று நேரத்தில் ஜன்னல் திறந்தது.

"ஏய், அலமார்க்காரி! அடியோட வெட்டு. மிச்சம் வச்சா துளிர்த்துடும், அப்புறம் ரெண்டு ஊரும் கூடி வந்து நிக்கும்."

சிரிக்கத்தான் சொன்னார். அவளால் தலை நிமிர முடியவில்லை. குனிந்தபடியே அடித்தண்டைத் தேடினாள்.