எங்கள் பிளாக்கின் முத்தப் புகார்

1
இந்தக் கதை சுரங்க ஆபீசுக்கான புகார் மனுவாகத்தான் பிறந்தது. எழுதச் சொன்னவர் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ராஜாங்கம். "பொட்டப்புள்ளைக்கு பி.ஏ. எதுக்கு?" என்று என் அப்பாவை நாலு வருஷம் குடைந்தவர். அவருக்குத் தம் பெயர் மட்டும் எழுதத் தெரியும்.

"காரமா எழுது பாப்பா. அந்தக் கண்ணையன் குவார்ட்டர்ஸப் புடுங்கணும்."

2
தொடக்கம்: 1963, நெய்வேலி, மாலை வெயில் பொன்னாக... (வெட்டிவிட்டேன். பொன் இல்லை, புழுதிதான்.)

மறுபடியும்: ஷிப்ட் பஸ் இரண்டு மணி நேரம் தாமதம். சுரங்கத்தில் மண் சரிந்ததாக யாரோ கிளப்பிவிட்டார்கள். சரியவில்லை, வழியில் டயர் வெடித்திருந்தது. பஸ் வந்ததும் ருக்குமணி ஓடினாள். முகமெல்லாம் கரித்தூளோடு இறங்கிய புருஷன் கண்ணையனை, அத்தனை பேர் முன்னாலும் கன்னத்தில் முத்தமிட்டாள். அவள் உதடு கறுத்துப்போயிற்று.

அவ்வளவுதான். இன்னும் எதையாவது எதிர்பார்த்திருந்தால், வாசகரே, நீங்களும் மனுவில் கையெழுத்துப் போடலாம்.

3
"முத்தம்னு எழுதலாமாங்க?"

"சீச்சீ! அசிங்கம்னு போடு."

(இந்தப் பாத்திரம் நம்பும்படி இல்லை. போன மாதம் இதே பஸ் ஸ்டாப்பில் மனைவி ராஜாம்பாளை மயிரைப் பிடித்திழுத்து அடித்தவர் இவர். பார்த்த கூட்டமும் இதே கூட்டம். அது குடும்ப விஷயமாம்.*)

* அடி வாங்கியவளைப் பெண்டாட்டி என்று உடனே நம்பிய கூட்டம், முத்தமிட்டவளைப் பார்த்து, "இவங்க நெசமாவே புருஷன் பொண்டாட்டிதானா?" என்றது.

4
ஆகவே மனுவை இப்படி எழுதினேன்: "நான் என் மனைவியைப் பஸ் ஸ்டாப்பில் அடித்தேன். இப்படிக்கு, ராஜாங்கம்." படித்துக் காட்டும்போது ருக்குமணியைத் திட்டிப் படித்தேன்.

"பி.ஏ.ன்னா பி.ஏ.தான்!" என்று கையெழுத்துப் போட்டார்.

ராஜாம்பாளிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று முன்பே எழுதிவைத்திருந்தேன். சிரிக்கவில்லை.

"இவரு குவார்ட்டர்ஸு போச்சுன்னா நா எங்கம்மா போவேன்? காடாம்புலியூர்ல எங்கண்ணன் சேர்ப்பானா?" பிறகு அவளே சொன்னாள்: "கிழிச்சிப்புட்டாலும் வேற எவன்கிட்டயாவது எழுதிக்கினு வந்துருவாரு. அந்தப் பொண்ணு தெருவுல நிக்கும்."

5
முடிவு அ: அனுப்பினால் ராஜாம்பாள் தெருவில்.
முடிவு ஆ: கிழித்தால் ருக்குமணி தெருவில்.
முடிவு இ: ராஜாங்கம் மனம் திருந்தி... (கை வரவில்லை.)

முடிவை உங்களிடம் விடுவதாகத்தான் இருந்தேன். உங்களை நம்பவில்லை, அந்தக் கூட்டத்தில் நீங்களும் நின்றிருப்பீர்கள். மனுவை ராஜாம்பாளிடமே கொடுத்துவிட்டேன். இதற்கு மேல் எழுத மாட்டேன்.

அதை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளேயிருந்து ராஜாங்கம் சோறு கேட்டுக் கத்துகிறார். மூன்றாம் தடவை.

அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.