பேசக் கூடாத இருபது நிமிடம்

"எங்க அப்பா தனியாப் போகல," என்றாள் ரொவீனா, ஒலிவாங்கியை நோக்கி இன்னும் கொஞ்சம் குனிந்து. "அவர் பெஞ்சுல உக்காந்த அந்த நிமிஷமே அம்மா ஓடிப்போய்ப் பக்கத்துல உக்காந்தாங்க. கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. கடைசி மூச்சு வரைக்கும் விடல. இந்த அஞ்சு நாள்ல நான் கொஞ்சமாவது தூங்கியிருக்கேன்னா, அது இந்த ஒண்ணாலதான்."

முன்வரிசையில் நொரீன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பின்வரிசைப் பெண்மணி ஒருத்தி எட்டி அவள் தோளை ஆதரவாக அழுத்தினாள். கையை எடுத்தால் தேவலை என்றிருந்தது நொரீனுக்கு.

பொய். ஒரு சொல்கூட உண்மையில்லை. அந்தப் பொய்யைச் சொன்னவள் நொரீன். மகள் அதை நம்பி, எண்பது பேர் முன்னால் நின்று திருப்பிச் சொல்கிறாள், அவ்வளவுதான். சனிக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் ரொவீனா, மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்த களைப்போடு, "அப்பா பக்கத்துல யாராவது இருந்தாங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்வது? "நான் இருந்தேன்," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு அதற்கு ஓட்டம் வந்தது, கை வந்தது, கடைசி மூச்சு வந்தது.

நொரீனின் புருஷன் டெஸ் முப்பத்தைந்து வருடம் ஹோபார்ட் நகரத் தெருக்களில் தபால் போட்டவன். ஓய்வு பெற்ற மறுவாரமே ஒரு தொலைநோக்கி வாங்கினான்; பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்காமல் அவளுக்கும் ஒன்று வாங்கினான். அன்றிலிருந்து பதினாறு வருடம், சனிக்கிழமை தவறாமல், காலை எட்டு மணிக்கு இருவரும் நகரத்து நடுவிலுள்ள பூங்காவில் நின்றார்கள். ஒரு பக்கம் வக்கீல் அலுவலகங்கள், மறுபக்கம் சனிச்சந்தைக்குக் கூடாரம் அடிக்கிற சத்தம், நடுவில் புல்லும் மரமும். மேற்குப் பாதி அவனுக்கு, கிழக்குப் பாதி அவளுக்கு. இருபது நிமிடம். பார்த்த பறவையையெல்லாம் ஆளுக்கொரு தாளில் குறிக்க வேண்டும், கணக்கு இருவருக்கும் ஒன்றுதான். அதுவரை பேசக் கூடாது, கூப்பிடக் கூடாது, கைகாட்டக் கூடாது. தெரிந்தவர்கள் எதிரே வந்தால் தலையை ஆட்டுவதோடு சரி. ஒருத்தர் இன்னொருத்தரைக் கூப்பிட்டுவிட்டால் அந்த வாரத்துத் தாள் செல்லாது. அவர்கள் சேர்ந்திருந்த பறவை பார்க்கும் குழுவில் அப்படித்தான் விதி.

முதல் மாதம் நொரீன்தான் தப்புச் செய்தாள். ஒரு வல்லூறு எங்கிருந்தோ பாய்ந்து வந்து அவள் கண்ணெதிரே புறாவைத் தூக்கியது. "டெஸ்!" என்று கத்திவிட்டாள். அன்று தாளைக் கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு அவன் சாயங்காலம் வரை பேசவில்லை. நொரீனுக்கு ரோஷம் வந்துவிட்டது. அதற்கப்புறம் அவனைவிட அவள்தான் கறார். ஒரு மழைநாளில் அவன் குடை வேண்டுமா என்று ஜாடை காட்டியதற்குக்கூட முறைத்தாள்.

அந்தப் பூங்காவில் ஏப்ரல் மாதம் எல்ம் மர இலைகள் மஞ்சளாகி நடைபாதையில் கொட்டும். அங்கே குளிர்காலமான ஜூனில் மலைமேல் பனி விழுந்ததும், மேலே தின்ன ஒன்றுமில்லாமல் சின்னச் சின்னக் குருவிகள் நகரத்துக்குள் இறங்கி வரும். ஆகஸ்டில் வாட்டில் மரம் மஞ்சளாகப் பூத்துவிட்டால் பிறகு எல்லாருக்கும் ஒரே எதிர்பார்ப்பு, விரைகிளி. குளிர்காலத்தைக் கடலுக்கு அப்பால் கழித்துவிட்டு, இங்கே நீலத் தைலமரம் பூக்கிற நேரம் பார்த்து அது திரும்பி வரும். பச்சை உடம்பு, அலகைச் சுற்றிச் சிவப்பு, நிற்க நேரமில்லாத பறப்பு. உலகத்தில் மிச்சமிருப்பதே சில நூறுதான் என்பார்கள். அந்த வருடத்து முதல் கிளியை யார் பார்ப்பது என்று குழுவுக்குள் அடிதடி. பழைய பஸ் டிரைவர் மெர்வ் மூன்று வருடமாக முந்திக்கொண்டிருந்தான்.

அந்தச் சனிக்கிழமை பூங்கா வாசலிலேயே டெஸ் மார்பைத் தடவிக்கொண்டு நின்றான்.

"என்ன பண்ணுது?" என்றாள் நொரீன்.

"ராத்திரி தின்ன வெங்காயம். எதுக்களிக்குது."

"வீட்டுக்குப் போயிடலாமா?"

"போனா அந்த மெர்வ் வந்து பாத்துருவான். அப்புறம் கிறிஸ்துமஸ் வரைக்கும் அவன் அளப்பைக் கேக்கணும். நட கிழவி, மணி ஆச்சு."

எட்டு மணிக்குப் பிரிந்தார்கள். எட்டு பதினொன்றுக்கு அவள் திரும்பிப் பார்த்தபோது டெஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பதினாறு வருடத்தில் அந்த இருபது நிமிடத்துக்குள் அவன் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. நேராக அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். நொரீனுக்குத் தெரிந்தது, இது வழக்கமில்லை என்று. ஒரு அடி எடுத்தும் வைத்தாள். அந்த நேரம் பார்த்து அவள் தலைக்கு மேலே கிணுகிணுவென்று சத்தம் கேட்டது.

விரைகிளிகள். தைலமரத்தின் உச்சியில் மூன்று, பிறகு ஐந்து, பிறகு ஏழு. பூவுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, ஒன்றையொன்று திட்டிக்கொண்டு. அவள் தொலைநோக்கியை எடுத்தாள். அப்புறம் இறக்கவில்லை. நடுவில் ஒரே ஒரு முறை பெஞ்சுப் பக்கம் பார்த்தாள். அவன் தலை குனிந்திருந்தது. எழுதுகிறான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இருபது நிமிடம் முடிந்ததும் அவள் ஓடவில்லை. மெதுவாகத்தான் நடந்தாள். சொல்லப்போகிற சந்தோஷத்தைக் கொஞ்சம் வைத்து ருசிக்க வேண்டுமென்று இருந்தது. பாதி வழியிலேயே, இனிப் பேசலாம் என்பதால், "ஏழு, டெஸ்! ஏழு!" என்றாள். சந்தைப் பையோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். டெஸ் நிமிரவில்லை.

இரங்கல் கூட்டம் முடிந்து பக்கத்து அறையில் தேநீர். முட்டை சாண்ட்விச், சாஸேஜ் ரோல், தேங்காய்த்தூளில் புரட்டிய லாமிங்டன் கேக். மெர்வ் ஒரு பழைய கறுப்புக் கோட்டில் வந்திருந்தான், பொத்தான் எட்டவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், நொரீன் பக்கத்தில் வந்து நின்றான்.

"இன்னைக்குக் கேக்கறது தப்புதான் நொரீன். மனசு கேக்கல," என்றான். "நேத்து பூங்காவுல ரெண்டு விரைகிளி பாத்தேன். முதல்ல பாத்தது நான்னு எழுத உக்காந்தேன். கை ஓடல. சனிக்கிழமையே வந்திருக்குமோ? நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"பூ அத்தனையும் விரிஞ்சிருந்துச்சே."

"பாக்கல மெர்வ்."

"சரி. அந்தத் தாள் இருக்கா? இருபது நிமிஷம் முழுசா முடியலைன்னாலும் பரவால்ல. டெஸ் இருந்த கடைசி வாரத்துத் தாளாச்சேன்னு..."

"எங்கேயோ விழுந்துபோச்சு."

மெர்வ் கோப்பைக்குள் பார்த்தான். "அந்தப் பய போற போக்குல என்னை ஜெயிச்சுட்டுப் போயிருப்பான்னு நெனச்சேன்," என்றான். "ஜெயிச்சிருந்தா நல்லாருந்திருக்கும்." கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை தேடி, கிடைக்காமல், கோட்டுக் கையாலேயே துடைத்துக்கொண்டு நகர்ந்தான்.

நொரீன் பார்க்காத பறவையைப் பார்த்ததாக ஒரு நாளும் சொன்னதில்லை. இன்றைக்குப் பார்த்ததை இல்லை என்று சொல்லியாயிற்று. செத்தவனுக்குக் கிடைத்த கடைசி வெற்றியையும் பிடுங்கியாயிற்று. தாள் அவள் கோட்டின் உள்பையில்தான் இருந்தது. அதைக் கொடுத்தால் அதில் எழுதிய நேரத்தையும் கொடுக்க வேண்டும்.

ரொவீனா ஒரு தட்டில் இரண்டு சாண்ட்விச்சோடு வந்தாள். "ஒண்ணாவது சாப்பிடும்மா. அப்புறம் மயக்கம் போட்டு விழாதே, எனக்குத் தூக்கத் தெம்பில்ல." மகளின் முகம் இந்த ஐந்து நாளில் இன்றுதான் கொஞ்சம் தெளிந்திருந்தது. "எல்லாரும் உன்னைப் பத்தித்தான் பேசறாங்க. என் வார்டுல எத்தனை பேர் பக்கத்துல யாரும் இல்லாம போறாங்க தெரியுமா? நாங்க நர்சுங்கதான் ஓடிப்போய்ப் பிடிச்சுக்கணும். அப்பாவுக்கு அந்தக் கதி வரல."

நொரீன் தட்டை வாங்கி ஜன்னல் மேடையில் வைத்தாள். "கார்ல போய்க் கொஞ்சம் உக்காரலாமா ரோ?"

காரில் ரொவீனா இஞ்சினை ஓடவிட்டு, சூடு வருவதற்காகக் கைகளைத் தேய்த்துக்கொண்டாள். மலை உச்சியில் இன்னும் வெள்ளை மிச்சம் இருந்தது. நொரீன் தாளை எடுத்துப் பிரிக்காமலே மகளின் மடியில் வைத்தாள்.

"என்னது?"

"படி."

ரொவீனாவுக்கு அந்தத் தாளைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் சாப்பாட்டு மேசையில் பார்த்துப் பார்த்து வந்த அலுப்பு. அவள் கண் மேலிருந்து கீழே இறங்கியது. தொடக்கம் எட்டு மணி. முடிவு எட்டு இருபது. நடுவில் அம்மாவின் எழுத்தில், எட்டு பன்னிரண்டு, விரைகிளி, ஏழு.

"முடிச்சிருக்கே," என்றாள்.

"ஆமா."

"அப்பா எப்ப உக்காந்தார்?"

"எட்டு பதினொண்ணு."

வெளியே யாரோ கார்க் கதவைச் சாத்தினார்கள். ரொவீனா தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கம் வேறு ஏதாவது எழுதியிருக்கும் என்பது போல.

"நீ பாத்தியா?"

"பாத்தேன். உக்கார மாட்டாரேன்னும் தோணுச்சு. அப்புறம் கிளி வந்துருச்சு."

"உன்னைக் கூப்பிட்டாரா?"

"கூப்பிடல." நொரீன் நிறுத்தவில்லை, நிறுத்தினால் இனி ஒரு நாளும் சொல்ல வராது. "இருபது நிமிஷம் முடியலையே ரோ. முடியாமக் கூப்பிடலையா, கூடாதுன்னு கூப்பிடலையா, எனக்குத் தெரியல. என்னைப் பாத்துக்கிட்டே இருந்தார். அவ்வளவுதான் தெரியும்."

"நான் மேடையில நின்னு சொன்னேனேம்மா."

"சொன்னே."

"அத்தனை பேர் முன்னாடி."

"நான் அப்ப சந்தோஷமா இருந்தேன் ரோ. அதான் என்னால தாங்க முடியல. அந்த ஒன்பது நிமிஷம், இந்தக் குளிர்காலம் பூராவும் நான் அவ்வளவு சந்தோஷமா இருந்ததே இல்ல. அவர் அங்க செத்துக்கிட்டிருந்தார்."

ரொவீனா முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் மெல்ல ஆவி படர்ந்துகொண்டிருந்தது. பேசியபோது குரல் வார்டில் பேசுகிற குரலாக இருந்தது. "ஒன்பது நிமிஷத்துல என்னென்ன பண்ணலாம்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. உனக்குத் தெரியும். அதான் உன்கிட்ட சொல்றேன். பண்ணியிருந்தா பிழைச்சிருப்பாரா?"

ரொவீனா தாளை இருந்த மடிப்பிலேயே மறுபடி மடித்து அம்மாவின் மடியில் வைத்தாள். கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள்.

அவள் வேலியோரம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதை நொரீன் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கோட்டை உள்ளேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். குளிரில் தோள் குலுங்குகிறதா அழுகிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. வாசலிலிருந்து வந்த இரண்டு பேர் அவளிடம் ஏதோ சொல்லிக் கையைப் பிடித்தார்கள். அநேகமாக, உன் அம்மா பக்கத்தில் இருந்தாளே, அது போதும் என்றுதான் சொல்லியிருப்பார்கள். ரொவீனா தலையை ஆட்டினாள். இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் போன பிறகும் வெகுநேரம் அங்கேயே நின்றாள். மகளை இழந்துவிட்டோம் என்று நொரீன் நினைத்தாள். கூப்பிடலாமா என்று ஜன்னலைப் பாதி இறக்கினாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் ஏற்றிவிட்டாள்.

கடைசியில் ரொவீனா திரும்பி வந்தாள். முன்கதவுக்கு வரவில்லை. பின்கதவைத் திறந்து, அம்மாவுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, சாத்திக்கொண்டாள். ஒருத்தி முகம் ஒருத்திக்குத் தெரியவில்லை.

"கிளம்பக் கொஞ்ச நேரம் ஆகும்மா," என்றாள்.

"ஆகட்டும்."

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுகிற இருக்கையில் யாரும் இல்லை.