ஓர் அணு கனத்துக்கு ஈயம்

மூன்று நாளாக அந்தத் திரை ஒரு நேர்கோட்டைத் தவிர வேறெதையும் காட்டவில்லை. எக்ஸ்ரே கற்றையை இயக்குவது என் வேலை. மின்முனையாக வைத்த வெள்ளிப் படிகத்தின் மேல் ஈயம் ஒரே ஓர் அணு கனத்துக்குப் படிகிறதா என்று பார்ப்பது அண்ணியின் ஆராய்ச்சி. படிந்தால் கதிர்கள் சிதறி, கோட்டில் ஒரு முகடு எழவேண்டும். பன்னிரண்டு மணிக்கு அடுத்த குழு வந்துவிடும். அதற்குள் முகடு வராவிட்டால் நான்கு வருட உழைப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு வேறு தலைப்பு பார்க்கும்படி பேராசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார்.

எனக்குப் பொறுமை கிடையாது. வீட்டில் எல்லோரும் அறிந்த விஷயம். படிகத்தை மூடிய பிளாஸ்டிக் படலத்தைப் பத்தரை மணிக்கு வெறித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. படலத்துக்குள் ஈயக் கரைசல் அதிகமிருந்தால் அதுவே கதிர்களைக் குழப்பிவிடும். அதனால் ஈயம் படிந்த பிறகு கரைசலை உறிஞ்சி எடுக்கவேண்டும். கதிர் அறைக்குள் இரண்டு தடவை போவானேன் என்று நான் முன்பே உறிஞ்சிவிட்டிருந்தேன். மிச்சமிருந்த ஈரத்தில் பரப்பை மூடுகிற அளவுக்கு ஈயம் எங்கே இருக்கும்? வெளியே மீட்டர் முன்னால் இருந்த அண்ணிக்கு இது தெரியாது.

மென்று விழுங்காமல் சொல்லிவிட்டேன். அண்ணி முறைத்தார்.

"திட்டுறதை வீட்டுல வெச்சுக்கறேன். இப்ப கரைசலை விடுங்க தம்பி."

விட்டேன். படலம் உப்பியது. அண்ணி மின்னழுத்தத்தை மாற்றினார். இருபது நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து, அப்புறமே உறிஞ்சினேன். கதவைப் பூட்டிக் கதிரைத் திறந்தோம்.

பதினொன்றே காலுக்கு, அண்ணி கணக்குப் போட்டு வைத்திருந்த அதே கோணத்தில், ஊசி மாதிரி ஒரு முகடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனுக்குப் போன் போடப் போன என் கையை அண்ணி பிடித்துக்கொண்டார்.

"தூசியா இருந்தா? ஈயம்னா, மின்னழுத்தத்தைத் திருப்பினதும் கரைஞ்சு போகணும்."

கரைத்தால் மறுபடி படியவைத்துப் பார்க்க நேரமில்லை. வந்ததை வைத்துக்கொண்டு கிளம்பலாம் என்று கெஞ்சினேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தானே குமிழைத் திருகினார்.

பன்னிரண்டுக்குக் கதவைத் திறந்து வந்தவர்கள் திரையைப் பார்த்தார்கள். பழைய நேர்கோடு, சின்னப் புடைப்புகூட இல்லை. அதன் முன்னால் அண்ணி என் தோளைப் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கிடைக்கவில்லையா என்று பரிதாபமாக விசாரித்தார்கள்.

"கிடைச்சுது," என்றார் அண்ணி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கரைச்சும் பார்த்துட்டோம்."