ஆணி அடித்த கதவு

அந்தப் பட்டறையின் நடுவே பிளைவுட் சுவர் எழுந்ததற்கு ஒரு சட்டம்தான் காரணம். அதற்கு முன் அது ஒரே நீளக் கூடம். ஒரு முனையில் துணி வெட்டும் மேசை, மறுமுனையில் தையல் மெஷின்கள். வெட்டிய துண்டுகள் கட்டுக் கட்டாகக் கைமாறிப் போய், பள்ளிப் பைகளாகவும் பயணப் பைகளாகவும் வெளியே வரும். முதலாளி தம்பி. வெட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டவள் அவனுடைய அக்கா. கணவர் இறந்தபின் நாலு நாள் உதவிக்கு என்று வந்து நின்றவள், அப்படியே நின்றுவிட்டாள். வேலையாட்கள் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட வயதில் மூத்த கட்டிங் மாஸ்டருக்கும் அக்காதான்.

இருபது பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில் எல்லோருக்கும் முதலாளியே விபத்துக் காப்பீடு எடுக்கவேண்டும் என்று மாநில அரசு ஆணை போட்டது. பட்டறையில் இருபத்தாறு பேர்.

செய்தியைக் கொண்டுவந்தவர் தொழிலாளர் சட்ட ஆலோசகர். அந்தத் தெருவின் பட்டறைகளுக்கெல்லாம் அவர்தான் ஆள். ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே எந்தப் பிரிவு எந்தத் தேதியில் மாறியது என்று ஆரம்பித்துவிடுவார். அவருக்கு கெஜட் என்று பெயர் வைத்தது மாஸ்டர்.

"இருபத்தாறு பேர்னாதானே சார் சட்டம்? பதினாலும் பன்னிரண்டும் இருந்தா?" என்றார் கெஜட்.

"ஆறு பேரை வெளிய அனுப்பச் சொல்றீங்களா?" என்றான் தம்பி.

"யாரையும் அனுப்ப வேண்டாம். நடுவுல ஒரு தடுப்பு. அந்தப் பக்கம் வேற கம்பெனி, வேற முதலாளி. சட்டம் என்ன சொல்லுதுன்னு யார் வேணா படிக்கலாம். என்ன சொல்லாம விட்டிருக்குன்னு படிக்கத்தான் எனக்கு ஃபீஸ்."

வேற முதலாளிக்கு ஊரெல்லாம் தேடவேண்டியிருக்கவில்லை. அக்கா துணிக்கு மேல் அளவுத்தாளை விரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு கையெழுத்து."

"எதுக்குடா?"

"நீ முதலாளி ஆகப்போறே."

"ஏன், நீ சாமியாராப் போறியா?"

பட்டறை சிரித்தது. தம்பியும் சிரித்தான். அவள் கையெழுத்துப் போட்டாள். பாதிக் கூடத்துக்கு வாடகை ஒப்பந்தம், வெட்டும் மெஷினின் பில், மின் இணைப்பு எல்லாம் அவள் பெயருக்குப் போயின. கெஜட் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. தச்சர் வந்து தரையிலிருந்து கூரைவரை பிளைவுட் அடித்து, நடுவில் ஒரு கதவும் வைத்துவிட்டுப் போனார். கட்டுகள் பழையபடி அந்தக் கதவு வழியே போய்வந்தன. இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மட்டும் கதவைச் சாத்துவார்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்களாக இருக்கவேண்டும். தையல்காரர்களில் ஒருவர் அன்று மாஸ்டரைத் தெருவில் பார்த்து, "சார் எந்தக் கம்பெனி?" என்று கேட்பார். "பக்கத்து நாட்டுக்காரன்யா, விசா வாங்கிட்டு வந்திருக்கேன்" என்பார் மாஸ்டர்.

தம்பியைப் பொறுத்தவரை இதெல்லாம் பேப்பர். பேப்பர் இன்ஸ்பெக்டருக்கு, பட்டறை தனக்கு. இதை அவன் ஏமாற்று என்று நினைத்ததே இல்லை. சட்டத்தோடு ஒட்டி ஓடுகிறோம் என்றுதான் பட்டறை முதலாளிகள் சங்கக் கூட்டங்களில் சொல்லிக்கொண்டான். அங்கே மற்றவர்களும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து வந்த திருத்தம் இடத்தைப் பற்றியது. தையல் மெஷினில் உட்காருகிற ஒவ்வொருவருக்கும் இத்தனை சதுர அடி என்று வரையறுத்தார்கள். வெட்டும் வேலையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. தச்சர் மறுபடி வந்தார். சுவர் அக்காவின் பக்கம் நகர்ந்து வெட்டும் மேசையை ஒட்டி நின்றது.

"இவ்வளவு நெருக்கினா மாஸ்டர் எப்படிடா மேசையைச் சுத்தி வருவாரு?" என்று அக்கா கேட்டாள்.

"கொஞ்ச நாள் சமாளிச்சுக்கோக்கா. அடுத்த வருஷம் வேற இடம் பாக்கலாம்."

அந்த மேசையில் துணியைப் பல அடுக்காக விரித்துப் போடுவார்கள். நிமிர்ந்து நிற்கும் கத்தி மெஷினைத் தள்ளிக்கொண்டே மாஸ்டர் மேசையைச் சுற்றி நடப்பார். கத்திக்குப் பின்னால்தான் அவர் கை எப்போதும் இருக்கும். சுவர் நெருங்கிய பிறகு நடக்க வழி இல்லை. நின்ற இடத்தில் நின்றபடி, இடக்கையால் துணியைக் கத்தியை நோக்கி இழுத்துக் கொடுக்கவேண்டியிருந்தது. அதற்கென்று இரும்பு வளையங்கள் கோத்த கையுறை ஒன்று பட்டறையில் உண்டு. சட்டம் கேட்டதால் வாங்கியது. இன்ஸ்பெக்டர் முதலில் நுழைவது தம்பியின் வாசல் என்பதால், நுழைந்ததும் கண்ணில் படும்படி அந்தப் பக்கச் சுவரில்தான் தொங்கும். மாஸ்டர் கதவைத் தாண்டிப் போய் எடுத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் மாட்டிவிட்டு வருவார்.

பிறகு கதவுக்கே ஒரு சட்டம் வந்தது. பொதுக் கதவு உள்ள இரண்டு நிறுவனங்களும் ஒன்றாகவே கணக்கிடப்படும்.

"நம்மளை மாதிரி யாரோ ஒருத்தன் மாட்டியிருக்கான். அவனைப் பாத்து எழுதியிருக்காங்க," என்று கெஜட் வருத்தப்பட்டார். எழுதியவர்களின் உழைப்பில் அவருக்கு மரியாதை உண்டு.

தம்பி அன்றே கதவுக்குக் குறுக்கே இரண்டு கட்டைகள் வைத்து ஆணி அடித்தான். ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தது அக்கா.

அதிலிருந்து ஒரு கட்டு தையலுக்குப் போகவேண்டுமென்றால் அக்காவின் வாசலில் இறங்கி, டீக்கடையையும் சைக்கிள் கடையையும் சுற்றிக்கொண்டு, தம்பியின் வாசலில் ஏறவேண்டும். கையுறைக்கும் அதே வழிதான். அவள் தன் பக்கத்துக்கு இன்னொன்று கேட்டாள். "வாங்கிடலாம்கா" என்றான் தம்பி. மறுபடி கேட்டாள். "சொல்லியிருக்கேன்கா." மூன்றாம் தடவை கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

மழை பெய்த ஒரு காலையில் மாஸ்டர் கையுறைக்காகத் தெருவைச் சுற்றிப் போகவில்லை. ஆர்டர் அவசரம். இடக்கையின் இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பியின் முகம் வெளிறிக் கிடந்தது. மாஸ்டரின் மனைவியிடம், "நான் இருக்கேன்மா, கவலைப்படாதீங்க" என்று சொன்னான். சொல்லும்போது அதை அவன் நம்பினான் என்றே நினைக்கவேண்டும். பிறகு கெஜட் வந்து அவனை ஜன்னல் ஓரத்துக்கு அழைத்துப் போனார். ஒரே நிறுவனம் என்று தெரிந்தால் காப்பீடு எடுக்காத அத்தனை வருடங்களும் கிளம்பும். அபராதம் வரும், பட்டறைக்குப் பூட்டு விழும், வழக்கும் நடக்கும். இரண்டு நிறுவனம் என்றால், சின்ன நிறுவனத்தில் நடந்த விபத்து. அதன் முதலாளி பதில் சொன்னால் போதும். திரும்பி வந்த தம்பி அக்காவின் பக்கத்தில் உட்காரவில்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்தான்.

விசாரணைக்கு முந்தின நாள் அவளே அவன் வீட்டுக்குப் போனாள்.

"நாளைக்கு உண்மையைச் சொல்லிடுடா. ரெண்டு பேரும் சேர்ந்து சமாளிப்போம்."

"பட்டறையே போயிடும்கா. இருபத்தஞ்சு குடும்பம்."

"அப்ப நான்?"

"உன்கிட்ட அந்தப் பாதி வீட்டை விட்டா என்ன இருக்கு அவங்க எடுத்துக்க?" என்று சொல்லிவிட்டு, சொன்னது தன் காதிலேயே விழுந்ததுபோல் நிறுத்தினான். "அப்படிச் சொல்லலைக்கா."

"அப்படித்தான் சொன்னே."

தொழிலாளர் அலுவலகத்தில் அவர்களை ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மாஸ்டர் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருந்தார். விசாரணை அதிகாரி இளம்பெண். கோப்பை முழுக்கப் படித்துவிட்டு வந்திருந்தாள்.

"நீங்கதான் வெட்டும் நிறுவனத்தோட உரிமையாளரா?"

"பேருக்குத்தாங்க. உண்மையில எல்லாம் ஒண்ணுதான். தம்பியோடது."

"தனி நிறுவனம்னு வருஷா வருஷம் குடுத்த உறுதிமொழி. இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமாங்க. போடச் சொன்னான், போட்டேன்."

"ரெண்டுக்கும் நடுவுல கதவு இருக்கா?"

"இருந்துச்சு. ஆணி அடிச்சாச்சு."

"யார் அடிச்சது?"

"தம்பி. நான்தான் ஆணி எடுத்துக் குடுத்தேன்."

அதிகாரி தம்பியின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. அந்த நிறுவனம் உங்களோடதா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த அவன் கைகளைத்தான் பார்த்தாள். சின்ன வயதில் பொய் சொல்லும்போது கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொள்வான்.

"இல்லைங்க. அவங்க எனக்கு வெட்டித் தர்றாங்க. கூலிக்கு. அவ்வளவுதான்." கட்டைவிரல் உள்ளே போயிருந்தது.

அதிகாரிக்கு அது பொய் என்று தெரிந்திருக்கலாம். ஆனால் அவள் முன்னால் இருந்த கோப்பில் ஒரு தவறும் இல்லை. கெஜட் அவ்வளவு நன்றாக வேலை பார்த்திருந்தார். இழப்பீட்டுக்கும் சிகிச்சைக்கும் அக்காவே முழுப் பொறுப்பு என்று தீர்ப்பானது. பெற்றோர் வீட்டில் அவளுக்கு இருந்த பாதியை விற்றாள். வாங்கியது தம்பிதான். பாசத்துக்காக விலையைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவள் வாடகை அறைக்குக் குடிபோனாள்.

பட்டறையை அவள் விடவில்லை. போக வேறு இடமும் இல்லை. மேசையை அறுத்துக் குறுக்கி, சுற்றி நடக்க வழி செய்தாள். இரண்டு கையுறைகள் வாங்கினாள். மாஸ்டருக்குக் கத்தி வேலை இனி முடியாது. அளவுத்தாள் விரித்துக் கோடு போடுகிற வேலையைக் கொடுத்தாள். தம்பியின் கட்டுகளையும் வெட்டினாள். இப்போது அதற்குப் பில் போட்டாள்.

அடுத்த மழைக்காலத்துக்குள் சட்டம் மறுபடி மாறியது. தொழில் வளர்ச்சியை முன்னிட்டு இருபது என்பது ஐம்பது ஆனது. பொதுக் கதவு விதியும் போயிற்று. சங்கத்தில் சால்வையெல்லாம் போர்த்திக்கொண்டார்கள். கெஜட் தெருவில் வாசல் வாசலாகச் சாக்லேட் கொடுத்துக்கொண்டு போனார்.

மறுநாளே தம்பி தச்சரோடு வந்தான். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அக்கா, மேசையைக் கொஞ்சம் நகர்த்து. கதவைத் திறக்கறோம்."

"எந்தக் கதவு?"

"எந்தக் கதவா? இதுதான். அதான் சட்டம் மாறிடுச்சே. இனிமே சுவரே வேண்டாம். பழையபடி ஒண்ணா இருக்கலாம்."

"உன் பக்கத்துச் சுவரை நீ என்ன வேணா பண்ணிக்கோ. கட்டை ரெண்டும் என் பக்கம் இருக்கு. பிளைவுட் பில்லும் என் பேர்ல."

"விளையாடாதக்கா."

"நான் உனக்குக் கூலிக்கு வெட்டித் தர்றவ. கூலிக்காரிகிட்ட என்ன விளையாட்டு?"

அந்தப் பக்கம் தச்சர் செருமினார்.

"கோர்ட் கச்சேரின்னா ஆயிரம் பேசவேண்டி வரும். அதையே பிடிச்சுக்கிட்டுத் தொங்கறியே. நீயும் சரியான முதலாளி ஆயிட்டேக்கா."

"நீதானேடா ஆக்கினே."

ஒரு மணி நேரம் கழித்துத் தம்பி தெருவைச் சுற்றிக்கொண்டு, துணி உருளையைத் தோளில் சுமந்து, அவள் வாசலில் வந்து நின்றான். மூச்சு வாங்கியது. மேசையில் வேறொரு கம்பெனியின் துணி விரித்திருந்தது.

"அந்த ஓரத்துல வெச்சுட்டுப் போ. உனக்கு முன்னாடி ரெண்டு பேர் இருக்காங்க."

வைத்துவிட்டுப் போனான். அவள் அவன் போவதைப் பார்க்கவில்லை. மாஸ்டர் சாக்பீஸை வைத்துவிட்டு, இதற்காகவே காத்திருந்தவர்போல் மெல்ல ஆரம்பித்தார்.

"அக்கா, வெளி ஆர்டர் எல்லாம் வருது. வீட்டுல அவளும் சும்மாதான் இருக்கா. நூல் வெட்ட, கட்டுப் போட ஒரு ஆள் வேணும்ல. எனக்கும் இப்ப பழைய சம்பளம் இல்லை."

வரட்டும் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் கெஜட் சாக்லேட்டோடு சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. அவருக்கு இப்போது அவளும் ஃபீஸ் கொடுக்கிற ஒரு கட்சிக்காரி. பதினைந்து பேருக்கு மேல் போனால் ஓய்வறை கட்டவேண்டும் என்று ஒன்று வரப்போகிறதாம், உறுதியாகும்வரை ஆள் சேர்க்காமல் இருப்பது நல்லதாம். அவள் கூடத்தைப் பார்த்தாள். உதடு அசையாமல் தலைகளை எண்ணினாள். வெளி ஆர்டர் வந்த பிறகு சேர்ந்தவர்களோடு பதினைந்து.

"பாக்கலாம் மாஸ்டர்," என்றாள். "அடுத்த வருஷம் பாக்கலாம்."

மாஸ்டர் மூன்று விரல் கையால் அளவுத்தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுபடி கோடு போடக் குனிந்தார்.